குறைய அடித்தவள்

நேற்று உமக்கு வரவேண்டிய கடிதம் எனக்கு வந்தது. கோல்ஃப் கிளப் காரியதரிசி அம்மா அனுப்பியிருந்தார். உள்ளே மூன்று பக்கப் போட்டோகொப்பி: அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்களின் இந்த வருடக் கோல்ஃப் போட்டி முடிவுகள். மூலையில் பேனையால் எழுதியிருந்தார்: ‘ஒவ்வொரு வருடமும் உங்கள் மனைவிக்குக் கொடுப்பேன். இந்த வருடம் கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை.’ நீர் போன பிறகு லாங்கன்தால் வீட்டுக்கு வந்த அனுதாபக் கடிதங்கள் எதற்கும் நான் பதில் எழுதவில்லை. இதற்கு எழுத வேண்டும். அதற்கு முன் உமக்கு.

நாங்கள் சுவிஸுக்கு வந்த பிறகு, எண்பத்தாறில்தான் நீர் அந்தக் கிளப்பில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தீர். ஊரில் பதினாறு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த நான், ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். காரியதரிசி அம்மாவின் மகள் அமெரிக்காவில் படித்தாள். அங்கே பல்கலைக்கழக அணியில் ஆடினாள். அவள் அனுப்பும் முடிவுகளையும் மைதானப் படங்களையும் தாய் பலகையில் குத்தி வைப்பார். நீர் நிலம் துடைக்கும்போது அதை வாசித்தீர். கேட்டு ஒரு பிரதியும் வாங்கி வந்தீர்.

“இஞ்சாருங்கோ, கம்பஸ் பெட்டையள் விளையாடுகினம். ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு கம்பஸ் கூப்பிட்டு நடத்துமாம். இந்த முறை ஒகையோ மாநிலமாம்.”

“கம்பஸுக்குப் படிக்கப் போறதோ, பந்தடிக்கப் போறதோ?”

“உங்களுக்குப் பொறாமை. ஆர் முதல் எண்டு பாத்துச் சொல்லுங்கோ, வாத்தியார்.”

பல்கலைக்கழகங்களின் பெயர் வரிசையில் எழுதியிருந்தார்கள். யார் முதல் என்று போடவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு நாள் ஆட்டத்தின் எண்களையும் கூட்டிப் பார்த்தேன். ஆகக் கூட எடுத்தவளின் பெயரில் விரலை வைத்து, இவள்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். நீர் அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதிக் கீழே சிவப்புக் கோடு போட்டீர்.

அடுத்த வருடம் நியூ மெக்சிக்கோ. நூலகத்திலிருந்து அட்லஸ் எடுத்து வரச் சொன்னீர். “பாலைவனம் எண்டு போட்டுக் கிடக்கு, படத்திலை பச்சைப் பசேலெண்டு புல்லு. எங்கையிருந்தப்பா தண்ணி?” எந்தக் குழிக்கு முன்னால் குளம், எதைச் சுற்றி மணல் என்றெல்லாம் படத்தைப் பார்த்துச் சொல்வீர். தூசி தட்டும்போது தவிர ஒரு கோல்ஃப் மட்டையை நீர் தொட்டதில்லை.

அந்த முறை, நீர் சிவப்புக் கோடு போட்ட உம்முடைய பிள்ளை கூட்டுத்தொகையில் இருபது குறைத்திருந்தாள். இரண்டு நாள் கவலையோடு திரிந்தீர். அவளுக்கு என்ன வருத்தமோ என்று காரியதரிசி அம்மாவிடம் போய் விசாரித்தும் விட்டீர். பின்னேரம் கதவைத் திறக்கும்போதே சிரிப்பு.

“குறைய அடிச்சுக் குழியிலை போட்டவைதான் வெல்லுறதாம்! கடைசியா வந்த பிள்ளைக்கு மாலை போட்டிருக்கிறம். அந்தப் பிள்ளை இப்ப முன்னேறி வர, நான் அழுது வடிஞ்சிருக்கிறன். உங்கட கணக்கும் நீங்களும்!”

“அவ சிரிச்சவவோ?”

“சிரிச்சவ. நானும் சிரிச்சனான்.”

நான் சிரிக்கவில்லை. எங்கள் அறியாமையைப் பார்த்து ஒரு சுவிஸ்காரி சிரித்திருக்கிறார் என்பதுதான் எனக்குள் இறங்கியது. நீர் என் முகத்தைப் பார்த்தீர்.

“அதையும் மனசிலை எழுதிப் போட்டியளோ? இந்த விளையாட்டிலை கூட எண்ணினவைதான் தோக்கிறது, கேட்டியளோ? நீங்கள் எண்ணுற எண்ணலுக்கு உங்களைப் புல்லுக்குள்ளையே விடாயினம்.”

மனதில் எழுதி வைத்த என் பட்டியலில் முதலில் நின்றவன் என் தம்பி. ஓர்லிகோனில் அவன் வீட்டில், மகளின் பிறந்தநாளன்று, வந்திருந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான்: “அண்ணை அங்கை கணக்கு வாத்தி, இஞ்சை கோப்பை வாத்தி.” வீடே சிரித்தது. சாப்பிடாமல் உம்மைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். அதன் பிறகு அவனோடு ஒரு சொல் இல்லை. உம்மையும் கதைக்க விடவில்லை. எங்கள் கலியாணத்தின்போது பன்னிரண்டு வயதுப் பையன் அவன். உம்முடைய கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். “பகிடிக்குச் சொன்னவன்” என்று நீர் தொடங்கினாலே நான் எழும்பிப் போய்விடுவேன்.

இந்த மாசியில், பேர்ண் ஆஸ்பத்திரியில், “இந்த வருசம் போட்டி எங்கையாம்?” என்று கேட்டீர். கலிபோர்னியா என்றேன்.

“கடல் கிட்டவோ?”

“கிட்டத்தான்.” எனக்குத் தெரியாது. உமக்குக் கடல் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னீர்: “தம்பியைக் கூப்பிடுங்கோ. அவன் வந்து ரெண்டு பகிடி விட்டால் சிரிச்சுப்போட்டுப் படுப்பன்.”

கீழே டெலிபோன் கூண்டுக்குப் போனேன். திரும்பி வந்து, லைன் கிடைக்கவில்லை என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் நீர் கேட்கவில்லை.

நான் நம்பரைச் சுழற்றவே இல்லை. இரண்டு நாளும் ரிசீவரைக் கையில் பிடித்தபடி, அந்த வீடு சிரித்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றேன். உமக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

செத்தவீட்டில் அவன் கடைசி வரிசையில் நின்றான். அண்ணியும் தன்னில் கோபத்தோடுதான் போனா என்று யாரிடமோ சொல்லி அழுதானாம். அது என் காதுக்கு வந்தது. அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று நான்கு மாதம் விட்டுவைத்தேன்.

நேற்று அந்தத் தாள்களை மேசையில் விரித்தேன். இந்த முறையும் பெயர் வரிசைதான். ஆகக் குறைய அடித்தவளைத் தேடிப் பிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அவள் பெயரைச் சத்தமாக வாசித்தேன். அறையில் யாரும் இல்லை.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினையாதேயும். அந்தச் சொல் இப்போதும் சுடுகிறது. ஆனால் அதைவிட, லைன் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும் நீர் “பரவாயில்லை, நாளைக்குப் பாப்பம்” என்றது சுடுகிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை. அது என்னோடுதான் இருக்கும். அவனுக்குச் சேர வேண்டியதையாவது கொடுக்கலாம் என்று எழும்பிப் போய் நம்பரைச் சுழற்றினேன்.

“அண்ணையோ?” என்றான். குரல் மாறவில்லை.

“அவ உன்னைக் கேட்டவ. ஆஸ்பத்திரியிலை. நான்தான் உனக்குச் சொல்லேல்லை.”

“என்ன கேட்டவ?”

“நீ வந்து ரெண்டு பகிடி விட்டால் சிரிச்சுப்போட்டுப் படுப்பன் எண்டவ.”

அவன் அழுதான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அழுகைக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அண்ணை, லைனிலை நிக்கிறியளோ?” என்று கேட்டான்.

“ஓம், நிக்கிறன்” என்றேன்.