பேசிக்கிட்டே நடக்கணும்

அன்பு வாயாடிக்கு,

நீ அங்க நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குறியா. இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுத கை வரல, உங்கம்மா சௌக்கியம், நான் பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். போன்ல சொன்னா குரல் காட்டிக் கொடுத்துடும், அதான் எழுதுறேன். ஹார்ட் அட்டாக் வந்தப்ப கூட இவ்வளவு பயமில்ல, அப்ப மயக்கத்துல கிடந்தேன், இப்ப முழிச்சிருக்கேனே. ஆஸ்பத்திரியில எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு உடற்பயிற்சி வகுப்பு, நெஞ்சுல வயரை ஒட்டி நடக்குற மெஷின்ல ஏத்திவிடுவாங்க. பள்ளிக்கூடத்துச் சுவரேறி ஓடிப்போனவன் இந்த வகுப்புக்கு முதல் ஆளாப் போய் நிக்கிறேன், உங்கம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எல்லாம் கிழவனுங்க, நாப்பது வயசுல நான் அங்க பொடியன்.

பயிற்சி கொடுக்குற பொண்ணு கறார். பேசிக்கிட்டேதான் நடக்கணுமாம், பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தமாம். போன வாரம் பக்கத்து மெஷின்ல மருமகளைத் திட்டிக்கிட்டே நடந்த தையல்காரர் பேச்சைப் பாதியில நிறுத்திட்டார். அடுத்த வசவைத் தேடுறார்னு நான் நினைச்சேன், அந்தப் பொண்ணு ஓடி வந்து மெஷினை நிறுத்தி, உக்காரவெச்சு, நாக்குக்கு அடியில மருந்தடிச்சா. பத்திக்கிட்டு வந்த வலி அடங்கினதும் மனுஷன் சொன்ன முதல் வார்த்தை, மருமககிட்ட சொல்லிடாதீங்க, சந்தோஷப்படுவா. எல்லாரும் சிரிச்சாங்க, நான் என் மெஷினை நிறுத்திட்டு இறங்கிட்டேன்.

இப்ப வகுப்பு முடிஞ்சு போச்சு, இனிமே தெருவுல நீயே நடன்னு அனுப்பிட்டாங்க. வயரும் இல்ல, ஓடி வர அந்தப் பொண்ணும் இல்ல. நடக்கப் போறேன்னு கிளம்பி நம்ம பட்டறையில டயர் மேல உக்காந்துட்டு, சட்டையில தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா மோந்து பாத்தா, வேர்வை நாத்தமே இல்லையேன்னா, மாட்டிக்கிட்டேன். திட்டுவான்னு பாத்தா, சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா, பாப்பா. அவளுக்கு முட்டி வலி, கூட நடக்க முடியாது.

அதனால நீ ஒண்ணு பண்ணு. இது கையில கிடைச்சதும் தினம் சாயங்காலம் எனக்கு போன் பண்ணு, காதுல மாட்டிக்கிட்டு நடப்பேன். நீ பேசாத, என்னைப் பேசவிடு, உனக்குக் கஷ்டம்தான், பொறுத்துக்க. நான் மூச்சு வாங்கினா மெதுவாப் போப்பான்னு அதட்டு. பாதியில நிறுத்திட்டா, வசவைத் தேடுறேன்னு மட்டும் நினைச்சுடாத, உடனே அம்மாவைக் கூப்பிடு.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும். நேரத்துக்குச் சாப்பிடு, போனுக்கு மறக்காம சார்ஜ் போடு. செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பேன், மணி அடிச்சாத்தான் காலை எடுத்து வைப்பேன்.

உன்
பொடியன் அப்பா