ஐந்து பேர் சேர்ந்து எடுத்த மூச்சு

எடி,

பார்சல் இன்று காலை வந்தது. கத்தரிக்கோலைத் தேடப் பொறுமையில்லாமல் கதவைத் திறந்த வீட்டுத் திறப்பாலேயே கிழித்தேன். புது அச்சு மையும் பிளாஸ்ரிக்கும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகம் தந்தால், பெயர் எழுத முதல் மூக்கை வைத்து மணந்து பார்ப்பாயே, அதேபோல நானும் வாசலில் நின்று மணந்தேன். முன்வீட்டுச் சீனக் கிழவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த யப்பான் பாட்டுக் குழுப் பெட்டைகள் ஐவரின் இரண்டாவது அல்பம்தான். அட்டைப் படத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு மொட்டைமாடியில் ஓடுகிறார்கள். கடைசிப் பாட்டு எங்களுடையது. உள்ளே சின்ன எழுத்தில் என் பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை. மாதிரிக்குப் பாடிக் கொடுப்பவரின் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை என்று முதல்நாளே உனக்குச் சொல்லியிருந்தேன். "என்ர பேரை வைச்சு அவை என்ன செய்யிறது, வாசிக்கவும் மாட்டினம்" என்றாய். நீ கேட்டது வேறு ஒன்று. அதற்குப் பதில் இன்றைக்குத்தான் என் கையில் வந்தது. சட்டென்று சொல்லிவிடுவேன், ஆனால் நீ படக்கதையைக்கூட முதலிலிருந்து சொல்லாவிட்டால் கேட்கமாட்டாய். ஆகவே முதலிலிருந்தே வருகிறேன்.

கலியாண வீடியோக்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்த நான் ரோக்கியோவுக்கு மெட்டு அனுப்பத் தொடங்கியபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் நீ. முதல் அல்பத்துக்கு நான் அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்தன. "உன்ர மெட்டில பிழையில்லை. நீ பாடி அனுப்பினாய் பார், அதுதான் பிழை" என்று முகத்துக்கு நேரே சொன்னாய். கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நீயே ரூஜில் உன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாய், கையில் இடியப்பப் பெட்டியோடு.

எங்கள் பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கிற அறைதான் ஸ்ரூடியோ. நான்கு பக்கமும் குளிர்காலப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தேன். நடுவில் மைக். ட்ரையரை ஓடவிடாதே என்று மேலே கத்திச் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் மெட்டு முதலில் போகும், சொற்களைப் பிறகு யப்பானில் எழுதிக்கொள்வார்கள். அதுவரைக்கும் வாயில் வருகிற எதையாவது பாடலாம். நான் 'லா லா' என்று பாடச் சொன்னேன். "லா லா எண்டு பாட எனக்கென்ன விசரோ" என்று சொல்லிவிட்டு, மன்னார்ச் சந்தையில் உன் அம்மா வாங்குகிற மீன்களையெல்லாம் வரிசையாகப் பாடினாய். விளைமீன், பாரை, சூடை, ஒட்டி, திருக்கை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. ரோக்கியோவிலிருந்து, பாட்டு எதைப்பற்றி என்று கேட்டு எழுதினார்கள். "கடலைப் பற்றினது எண்டு எழுது. பொய் இல்லைத்தானே" என்றாய். அப்படியே எழுதினேன்.

மூச்சு விஷயத்தில்தான் நாங்கள் பிடுங்குப்பட்டோம். கடைசிப் பல்லவிக்கு முன்னால் இசை ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் நீ ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு மூச்சை இழுத்தாய். இந்த வேலையில் மூச்சைத் துப்புரவாக வெட்டிவிடுவதுதான் வழக்கம், நானும் வெட்டினேன். திருப்பிப் போட்டுக் காட்டியதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"என்ர மூச்சை எங்க கொண்டுபோய்ப் போட்டனீ?"

"அது வேண்டாமடி. கொமிக்ஸ் படத்தில நித்திரை கொள்ளுறவன்ர சத்தம் மாதிரிக் கிடக்கு."

"அது எனக்கு இல்லை. மற்றாக்களுக்கு."

அப்போதுதான் உங்கள் வேதக் கோவில் பாடகர் குழுவைப் பற்றிச் சொன்னாய். ஞாயிறுப் பூசைக்கு அன்ரிமார் வேலைமுடிந்து களைத்துப்போய் வருவார்கள். சுரம் பார்த்துப் பாடத் தெரியாது, கை காட்டி நடத்தவும் ஆளில்லை. பக்கத்தில் நிற்கிறவரின் மூச்சுத்தான் அடையாளம். "நான் மூச்சு எடுத்தா அவ்வளவு பேரும் எடுப்பினம். ஒண்டா எடுத்தா ஒண்டாத் தொடங்கலாம். உந்தப் பிள்ளையளும் ஐஞ்சு பேர்தானே, ஆரைப் பாத்து வந்து சேருறது?" என்றாய். கொம்பியூட்டர் சேர்த்துவிடும் என்றேன். "கொம்பியூட்டர் குரலைச் சேர்க்கும். பிள்ளையள் சேரவேண்டாமே?" என்றாய். வெட்டியதைத் திரும்ப ஒட்டி அனுப்பினேன்.

பாட்டை ரோக்கியோவில் எடுத்துக்கொண்டார்கள். நீ என் அடுப்படியில் நின்று ஆடிய ஆட்டத்தில் மேசையிலிருந்த தேத்தண்ணி கொட்டியது. ஆனால் தயாரிப்பாளர் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார். மூச்சுச் சத்தம் பெரிதாக இருக்கிறது, இறுதியில் எடுத்துவிடக்கூடும் என்று. அதை உன்னிடம் வாசித்ததும் உன் முகம் வாடிப்போனது. பெயர் இல்லாததற்கு வாடாதவள் இதற்கு வாடினாய்.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் நான் வந்தபோது, "இப்ப என்ர மூச்சுக்கு நல்ல மதிப்படி, நேர்ஸ்மார் வந்து வந்து எண்ணிப் பாக்கினம்" என்று சிரித்தாய். போகிறேன் என்று எழும்பியபோது கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அவை அதை விட்டவையோ, வெட்டினவையோ?"

"தெரியேல்லையடி. அல்பம் வரட்டும்."

அல்பம் வரமுதல் நீ போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட எனக்கு அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பொய்க்காவது விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாமோ என்று இந்த மாதங்களில் எத்தனையோ தரம் யோசித்தேன். சொல்லியிருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய்.

பெட்டிக்குள் பாட்டுத்தட்டோடு இன்னொரு தட்டும் இருந்தது. அல்பத்தை எப்படிச் செய்தார்கள் என்று காட்டுகிற படம். மகளைப் பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். கார்ட்டூன் பார்த்தே யப்பான் பாஷை பழகியவள், உனக்குத் தெரியும்தானே. ஆட்டப் பயிற்சி, காய்ச்சலில் ஒருத்தி அழுதது எல்லாம் போய், கடைசியில் எங்கள் பாட்டு வந்தது. ஐந்து பேரும் ஒரே அறையில் ஹெட்போனோடு நிற்கிறார்கள். கடைசிப் பல்லவிக்கு ஒருத்தி முந்துகிறாள், இன்னொருத்தி பிந்துகிறாள். திரும்பத் திரும்பப் பிழைக்கிறது. ஆளையாள் பார்த்து முழிக்கிறார்கள். இரட்டைக் குடும்பி கட்டிய கடைசிப் பெட்டை கையை உயர்த்தி ஏதோ சொல்கிறாள்.

"அம்மா, வெயிற், வெயிற். அவ சொல்லுறா, 'டெமோல இருக்கிற அக்கா இதில மூச்சு எடுக்கிறா. நாங்களும் அவவோட எடுத்துப் பாப்பம்' எண்டு."

அக்காவாம் உன்னை. பேரப்பிள்ளை கண்டவளை. கேட்டிருந்தால் ஒரு கிழமைக்குத் தலைகால் தெரியாமல் திரிந்திருப்பாய்.

அந்தப் பெட்டை ஹெட்போனைக் கழற்றி மற்றவர்கள் பக்கம் நீட்டினாள். அதிலிருந்து நுளம்புச் சத்தம் போல மெல்லியதாக உன் குரல் வந்தது. திருக்கை என்று பாடி முடித்து, நிறுத்தி, மூச்சை இழுத்தாய். ஐந்து பேரும் தோளை உயர்த்தி உன்னோடு சேர்ந்து இழுத்தார்கள். பிசகில்லாமல் ஒன்றாகத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் கையைத் தட்டினார். மகள் என்னைப் பார்க்காமல் ரிஷூப் பெட்டியைத் தள்ளிவிட்டாள். அழுதேன்தான், ஆனால் சந்தோஷத்தில். பிறகு பாட்டுத்தட்டைப் போட்டுக் கேட்டோம். மீன்கள் நின்ற இடத்தில் இப்போது வசந்தகாலத்து ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. மூச்சு அங்கேயே இருக்கிறது. வெட்டவில்லையடி. ஐந்து பேருடைய மூச்சும் ஒன்றாக, நல்ல சத்தமாக, விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த அல்பத்துக்கும் மெட்டு வேண்டும், அதே பாடகியே பாடித் தந்தால் நல்லது, பிள்ளைகளுக்கு அவரோடு பழகிவிட்டது என்று போன கிழமை ரோக்கியோவிலிருந்து எழுதியிருந்தார்கள். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இன்றைக்குப் பதில் எழுதினேன். அவர் இப்போது இல்லை, வேறொருவர் பாடுவார் என்று.

நான் கூப்பிட, பின்னேரமே உங்கள் கோவில் குழுவிலிருந்து ஒரு பிள்ளை வந்து பாடித் தந்தாள். நல்ல குரல், சுரம் பிசகாது. ஆனால் மூச்சு எடுக்கிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று படித்து வளர்ந்தவள், எவ்வளவு கேட்டும் வெட்கப்படுகிறாள். அவள் போனபிறகு போர்வைகளுக்கு நடுவில் நானே போய் நின்றேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உன்னைவிடத் தெரிந்தவர் இல்லை, ஆகவே வாயைத் திறந்து ஒரு சொல்லும் பாடவில்லை. பல்லவிக்கு முன்னால் மூச்சை மட்டும் இழுத்து ஒட்டினேன். உன்னுடையதைப் போல நீளமில்லை, கொஞ்சம் கரகரக்கிறது. ஐந்து பேர் வந்து சேர அது போதும்.