வெட்டுப்பட்ட பெயர்கள்

பதான்கோட்
12.2.1989

அன்புள்ள அப்பாவுக்கு இருளம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. அய்யனார் புண்ணியத்தில் நானும் இவரும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாளா?

வாரப் பத்திரிகைகளிலிருந்து நான் கிழித்துச் சேர்த்த கதைகளை இராஜபாளையத்தில் பைண்டு செய்து அனுப்பியிருந்தீர்கள். அட்டை நன்றாக இருக்கிறது. ஆனால் மேல் ஓரத்தை நேராக்குகிறேன் என்று, பைண்டர் காளிராஜ் எழுதியவர்களின் பெயர்களையும் சேர்த்து வெட்டிவிட்டார். பால் கணக்கைக்கூட எழுதிவைக்கும் நான் அந்தப் பெயர்களைக் குறித்துவைக்கவில்லை. நேற்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பரிபூரணம் அக்காவுக்கு ஒரு கதை வாசித்தேன்.

"ஏட்டி, இத எழுதுனது யாரு? அவிய புஸ்தகம் இருந்தா வாங்கிருவோம்" என்றாள்.

வெட்டுப்பட்ட ஓரத்தைத்தான் காட்டினேன். இவரோ, "கதை முழுசா இருக்குல்ல, பொறவு என்ன?" என்கிறார். அவருக்கென்ன, பகலெல்லாம் பேச ஆளிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கும். அக்காவுக்கு வாசித்தது எண்பத்தாறு தீபாவளியை ஒட்டி வந்த கதை. மகளை ரயிலேற்றிவிட்ட தகப்பன், வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருப்பார். தேடிப் பார்த்து, எழுதியவர் பெயரை மட்டும் ஒரு கார்டில் போடுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். வீட்டுச் சேதியெல்லாம் பிறகு வரட்டும் அப்பா, அந்தப் பெயர் முதலில் வரட்டும்.

உங்கள் மகள்,
இருளம்மாள்