வரம்பைத் தாண்டியது யார்?

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இந்த வாரம் வண்ணம் பூசுகிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் தின்னர் வாடை முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மின்தூக்கிக்கு ஓடினார். நான் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து நீ வீடு திரும்பும்போதெல்லாம் உன் சட்டையோடு வந்த வாடை அது. நீ குடிவந்த முதல் வாரத்தில், "வந்ததும் குளிச்சிட்டு ஹாலுக்கு வாங்க லா" என்று உன்னிடம் கறாராகச் சொன்னவள் நான். இன்று அந்த வாடைக்காகவே வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

நீ மார்சிலிங்கில் என் வீட்டுக்கு வந்த காலம் எனக்கு நன்றாக இல்லை. என் கணவர் இறந்து, மகள் கல்யாணமாகி பெர்த்துக்குப் போய், வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சிராங்கூன் சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த சேலைக் கடையை முதலாளி மூடிவிட்டார். மகளின் அறையை வாடகைக்கு விட்டேன். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்து, பட்டறையில் பணிப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண் என்று ஏஜெண்ட் சொன்னார். நீ ஒரு பெட்டியும் ஒரு ஜோடி இரும்பு மூக்குக் காலணியுமாக வந்து நின்றாய். நீ "சொல்லுதேன்", "வாரேன்" என்று பேசியதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒவ்வொரு வரிக்கும் 'லா' போடுவதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். வீட்டுக்காரி, வாடகைக்கு இருப்பவள் என்ற கணக்கோடு இருவரும் 'நீங்க', 'நீங்க' என்றே சில மாதங்களை ஓட்டினோம்.

அந்தக் கணக்கு தேக்கா சந்தையில்தான் உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வரேன் என்று நீயும் கிளம்பிவிட்டாய். மீன் கடையில் நான் தெங்கிரி கேட்டேன். "எங்க ஊர்ல இது சீலா" என்றாய். கடைக்காரர் துண்டு போட்டு, பையில் கட்டி, கார்டு மெஷினை நீட்டினார். நான் கார்டை வைத்தேன். மெஷின் பீப் என்றது. மறுபடியும் வைத்தேன்.

"டிக்லைன் லா, ஆன்ட்டி" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

நீ கைப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தாய். கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டாய்: "அக்கா, முந்தாநாள்தான வாடகை போட்டேன்?"

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் அடுத்த ஆளுக்கு வேலை செஞ்சுதே."

 நீ என்னை உணவுக்கடைப் பக்கம் உட்கார வைத்து, இரண்டு தே வாங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தாய். "நான் போட்ட காசு எங்கக்கா போச்சு?" என்று நீ மறுபடியும் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. "இது என் வீட்டு விஷயம். மீன் காச நாளைக்குக் குடுத்துடுறேன்" என்றேன். நீ எழுந்து போகவில்லை. தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தாய். அந்தச் சும்மா இருத்தலில்தான் எனக்கு அழுகை முட்டியது. என் மகளுக்குக்கூடத் தெரியாத கதையை, மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொன்னேன்.

சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் வங்கி எனக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்திருந்தது. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் மூவாயிரம் வெள்ளி வரை எடுத்துக்கொள்ளலாம், பிறகு வட்டியோடு கட்டலாம். வேலை போனபின் அதை எடுத்துத்தான் சாப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வரம்பின் விளிம்புக்கு வந்துவிட்டேன். வங்கிக்குப் போன் செய்து, வேலை இல்லை, இந்தக் கடனைத் தவணையாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். அதோடு சரி. ஒவ்வொரு மாதமும் வரம்பைத் தாண்டியதற்கான கட்டணம் என்று நாற்பது வெள்ளி போட்டார்கள். உன் வாடகை விழுந்ததும் வட்டியும் கட்டணமும், மாதக்கணக்கில் பாக்கி நின்ற தண்ணீர், மின்சாரக் காசும் அதைத் தின்றுவிடும்.

"எங்க, போனக் காட்டுங்க" என்றாய்.

வங்கிச் செயலியைத் திறந்து கொடுத்தேன். நீ விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாய்.

"மாசக் கடைசில நீங்க காசு எடுத்தீங்களா?"

"இல்ல. வரம்புக்கு மேல எடுக்க மெஷினே விடாதும்மா."

"நீங்க எடுக்கல. எடுக்கவும் முடியாது. அப்ப தாண்டுனது யாருக்கா?"

எனக்குப் புரியவில்லை. நீ போனை என் பக்கம் திருப்பினாய். "மாசக் கடைசில வட்டியப் போட்டிருக்கான். அந்த வட்டிலதான் வரம்பு தாண்டியிருக்கு. அடுத்த நாளே தாண்டுனதுக்கு நாப்பது வெள்ளி. வட்டியப் போட்டது யாரு?"

"பேங்க்."

"அப்ப பேங்க்தான தாண்டிச்சு? காசு உங்ககிட்ட ஏன் புடிக்கான்?"

ஒரு வருடமாக அந்த வரிகளை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவுடன் மூடிவிடுவேன். மூன்று வரியாவது நிதானமாகப் படித்ததில்லை. கடன்பட்டவளுக்குக் கேள்வி கேட்க என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ரயிலில் வரும்போது நீ உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். பட்டறையில் யாராவது வழுக்கி விழுந்தால், "ஓகே, ஓகே, ஒண்ணுமில்ல" என்று எழுந்துபோய்விடுவார்களாம். வேலை போய்விடுமோ என்ற பயம். "வலிக்குதுன்னு சொல்லுத ஆளக் காப்பாத்திரலாம்க்கா. ஒண்ணுமில்லன்னு சொல்லுத ஆளுக்குத்தான் நான் பயப்படுவேன்" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாய்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை வங்கிக்கு இழுத்துப் போனாய். முகப்பில் இருந்தவள் தமிழ்ப் பெண். எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. இவள் யார் வீட்டுப் பெண்ணோ, கோயிலில் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன். நீ என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாய். நீதான் பேசப்போகிறாய் என்று நம்பியிருந்தேன். நீயும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாய். அந்தப் பெண் கையை உயர்த்தினாள்.

"ஸாரி, நீங்க யாரு?"

"இவங்க வீட்ல இருக்கேன்."

"அக்கவுண்ட் ஹோல்டர் மட்டும்தான் பேச முடியும், மேடம்."

நீ வாயை மூடிக்கொண்டாய். உன்னைப் போன்ற ஒருத்திக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கிரேனையே நிறுத்தச் சொல்லும் குரல், மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சொல்லுங்க மேடம்" என்றாள். வேறு வழியில்லாமல் நான் பேசினேன்.

"என் வீட்டுக்காரர் இறந்துட்டாரு. நான் வேலை பார்த்த கடைய மூடிட்டாங்க. ஒரு வருஷமா எனக்கு வேலை இல்ல."

இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்து நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு கூரை இடிந்து விழவில்லை. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். மேடம் ஆன்ட்டியாகிவிட்டது. நான் போனைக் காட்டி, நீ என்னிடம் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டேன். அவள் ஒவ்வொரு மாதமாகப் பார்த்தாள். "ஸிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா போடுது" என்று சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, புகாராக எழுதிக்கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்கிறார்களாம். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம் என்றேன். நீ சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "இதுல அவங்க தயவு என்னக்கா இருக்கு? உங்க காசு அது" என்றாய்.

இரண்டாவது முறை போனபோது உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்க்கா. அன்னிக்குச் சொன்னத அப்படியே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். நான் தனியாகப் போனேன். இந்த முறை ஒரு மேலாளர் வந்தார். ஆங்கிலத்தில் பேசினார். எனக்குத் தெரிந்த சிங்லிஷில், நான் தாண்டவில்லை, நீங்கள்தான் தாண்ட வைத்தீர்கள் என்றேன். தவணை கேட்டு நான் போன் செய்த நாளிலிருந்து பாருங்கள் என்றேன். இதற்கும் முடியாது என்றால், வங்கி வழக்குகளை விசாரிக்கும் மையத்துக்குப் போவேன் என்றும் சொன்னேன். அப்படி ஒரு மையம் இருப்பதே நீ தேடிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.  எதையும் விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அதற்கிடையில் வீட்டில் நீ என்னென்ன செய்தாய்! வங்கி பிடித்துக்கொள்ளாதபடி வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தாய். அரிசி மூட்டையைத் தூக்கி வந்து, "வாடகைல கழிச்சிக்கிடுங்க" என்றாய். ஒருநாளும் நீ வாடகையைக் குறைத்துக் கொடுத்ததில்லை. நான் வாங்கிக்கொள்ளக் கூசுவேன் என்று தெரிந்து சொன்ன பொய் அது.

மாதக் கடைசியில் அந்தத் தமிழ்ப் பெண் போன் செய்தாள். வரம்பு தாண்டியதாக எடுத்த கட்டணம் முழுவதையும் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். ஓவர்டிராஃப்டை நிறுத்தி, மிச்சக் கடனை நான் கட்டக்கூடிய தவணையாக மாற்றிவிட்டார்களாம். வட்டியைத் திருப்பித் தரவில்லை. பரவாயில்லை. "நீங்க அன்னிக்கு வந்து சொன்னது நல்லதாப் போச்சு ஆன்ட்டி" என்றாள். அவளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அது வங்கிக்குத் தெரியாத கடன்.

அன்று மாலை நீ காலணியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று மத்தியானம் முழுக்க யோசித்து நல்ல வார்த்தைகளாக அடுக்கி வைத்திருந்தேன். உன்னைப் பார்த்ததும் எல்லாம் போய், "போட்டுட்டாங்கடி!" என்று கத்தினேன். உன்னை முதன்முதலாக 'டி' போட்டது அப்போதுதான். நீ குளிக்காமல் அப்படியே ஹாலில் உட்கார்ந்து, தலைக்கவசம் அழுத்திய தடம் நெற்றியில் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும், "மவகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்றாய். நீ விடவே மாட்டாய். அன்றே மகளுக்குப் போன் செய்தேன். முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள். நீ அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு எதையும் கேட்காதவள் போல நடித்தாய்.

அடுத்து வந்த இரண்டு வருடங்களை நான் சந்தோஷமான வருடங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை கிடைத்தது. பிறகு ஒருநாள் விடியற்காலையில் நீ என் அறைக் கதவைத் தட்டினாய்.

"அக்கா, எனக்கு வலிக்குது. கொஞ்ச நாளாவே வலிக்குது."

வேறு யாரிடமும் நீ அதைச் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையில் தாதி என்னைப் பார்த்து, நீங்கள் யார், சொந்தமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "எங்கக்கா" என்றாய். வங்கியில் சொன்னதுபோல, இவங்க வீட்ல இருக்கேன் என்று சொல்லவில்லை. நோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னதை இருவரும் சேர்ந்து கேட்டோம். சிகிச்சையை ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ முடிவு செய்தாய். சாங்கி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, ரூமை நல்ல ஆளாகப் பார்த்து விடுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னாய். ஏழெட்டு மாதம் தினமும் பேசினோம். வலிக்கும் நாளில் வலிக்கிறது என்றாய். பயமாக இருந்த நாளில் அதையும் சொன்னாய். கடைசியில் உன் தம்பி போன் செய்து, நீ போய்விட்டாய் என்றார்.

போன வாரம் மகள் அழைத்தாள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டாள். பள்ளி விடுமுறை. கேன்டீனில் எனக்கு வேலை இல்லை. முன்பென்றால், எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்றிருப்பேன்.

"இந்த மாசம் கொஞ்சம் கஷ்டமாதான் இருக்கு லா. முட்டி வேற வலிக்குது" என்றேன்.

 அவள் மெதுவாக, "அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். மாப்பிள்ளைக்கு மூன்று மாதமாக வேலை இல்லையாம். நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் மறைத்தே வந்தாளாம். ஏன் சொல்லவில்லை என்று நான் கோபிக்கவில்லை. என்ன செய்யலாம் என்றும் உடனே ஆரம்பிக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுடா, அம்மா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.