கோடு வந்ததும் படுத்துக்கொள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானே எழுதுவது. மன்னித்துக்கொள், எழுத்தெல்லாம் தாறுமாறாக நிற்கும். ஒன்று பருத்திருக்கும், அடுத்தது ஓரமாக ஒதுங்கி நிற்கும். காலமெல்லாம் பெயின்ட் பிரஷ் பிடித்த கை. பேனாவைக் கொடுத்தாலும் சுவர் எங்கே என்று தேடுகிறது. இந்தப் பத்திக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. எவ்வளவு நல்ல காலைப்பொழுது!

ஆமாம், அக்கா என்றுதான் போட்டிருக்கிறேன். இரட்டையரில் யார் மூத்தவர் என்று பிறந்ததிலிருந்து உன்னோடு மல்லுக்கட்டியவன், இன்று எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள், கோர்ட்டிலும் செல்லும்.

ஒரே மூச்சில் படிக்காதே. நாலு வரி படித்தால் எழுத்து நீந்துகிறது, தலைக்குள் பஞ்சு அடைத்தமாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னாயே. அதனால் அங்கங்கே கோடு போட்டிருக்கிறேன். கோடு வந்ததும் படுத்துக்கொள். மீதி நாளைக்கு. கடிதம் எங்கும் ஓடிப்போகாது.

_______

எழுந்துவிட்டாயா? சரி, எழுத்து எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

உன் சோப்புக் கடைக்கு நான் வெள்ளையடிக்க வந்த வாரம்தான் நம் இருவருக்கும் கொரோனா வந்தது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தோம், சேர்ந்தே இருமினோம். உனக்கு இரண்டு நாள் காய்ச்சல். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மூச்சு மெஷினை எடுத்தபிறகு நான் கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பலகை. அந்தமாதிரிப் பலகைக்கு எத்தனையோ முறை அடிவர்ணம் பூசியிருக்கிறேன். அதன்மேல் எழுத்து எழுத வேறு ஆள் வருவான். என்ன எழுதியிருக்கிறது என்று நர்ஸைக் கேட்டேன். "ஆண்கள்" என்றாள். எதிர்வார்டுப் பலகையில் "பெண்கள்" என்றாள். நான் படித்த முதல் இரண்டு சொற்கள் அவை. வீட்டுக்கு வந்ததும் நூலகத்து மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இந்த வயதில் புதிதாகச் சேர்ந்தவன் என்று அங்கே எனக்குப் பெயர் புதுமாப்பிள்ளை.

ஆஸ்பத்திரியில் ஒன்று கவனித்தேன். எங்கள் வார்டில் கட்டில் போதாமல், பெண்கள் வார்டிலிருந்து காலிக் கட்டில்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சக்கரச் சத்தம் மழைமாதிரி இருக்கும். அதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன்.

அப்படித் தூங்கியபோது ஒரு கனவு. சின்ன அறை, ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் வெதுவெதுப்பான ஈரம். காயாத சுவரில் நான் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். "சீக்கிரம் முடிடா தடியா, எனக்கு வெளியே போகணும்" என்கிறாய். இரண்டாவது கோட்டிங் பாக்கி இருக்கிறது என்கிறேன். நீ கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாய். நீ போன வழியாக வெளிச்சம் வந்தது.

அக்கா என்று எழுத அந்தக் கனவுதான் காரணம்.

_______

இனிமேல்தான் விஷயம். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

உன் மகன் என்னோடு பேசினான். "அம்மாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல்தானே மாமா, உங்களைமாதிரி மெஷின்லயா கிடந்தாங்க? நீங்களே ஏணி ஏறுறீங்க. அம்மாவுக்குக் கடை அலுத்துப்போச்சு, மாசக் கடைசியில வேற ஆளுக்குக் கைமாத்திடலாம்னு இருக்கேன்" என்றான். நல்ல பையன்தான். அவனுக்குத் தெரியவில்லை. நீயும் "வயசாயிடுச்சுடா, மூளை மழுங்கிடுச்சு, விடு" என்கிறாய். எலுமிச்சை சோப்பு கேட்டவருக்கு ரோஜாவைக் கொடுத்தாயாம், இரண்டும் உனக்கு ஒரே வாசனையாம், அதாவது ஒன்றுமே இல்லையாம். குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டத் தெம்பில்லையாம்.

எனக்கு இது பிடிபடவில்லை. உனக்கு வயதாகிவிட்டது என்றால் எனக்கும் ஆகியிருக்க வேண்டுமே? ஒரே நாள்தானே பிறந்தோம்?

இதை என் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரட்டையர், ஒருவர் ஆண், ஒருவர் பெண், ஒரே வாரம் நோய் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வீட்டைப் பார்த்து முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் எங்கும் பார்க்கிற சங்கதிதான் என்றார். "இந்த நோய் ஆம்பளைங்களைத்தான் அதிகமா அடிச்சுப் போட்டுடுது தாத்தா. பொம்பளைங்ககிட்ட லேசா வந்துட்டுப் போறமாதிரி நடிச்சு, நிறைய பேர்கிட்ட அங்கேயே குடியிருக்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். உடம்பின் எதிர்ப்பு சக்தி இருவருக்கும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை, முழுக்க இன்னும் தெரியவில்லை என்றார்.

உன்னைப்போல எத்தனையோ பெண்கள், லேசாகத்தானே வந்தது என்று வீட்டார் சொல்ல, தாங்களும் நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களாம். அக்கா, இது சோம்பல் இல்லை. மூளை மழுங்கவில்லை. நோய் உன்னைவிட்டு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

_______

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில், களைப்பு தீராதவர்களைப் புதன்கிழமைகளில் தனியாகப் பார்க்கிறார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் பெயரை நானே எழுதினேன், ஒரே தடவையில் சரியாக வந்தது. மாயமந்திர மருந்து கிடையாது, ஆனால் வழி உண்டு, முதலில் ஓய்வை ஓய்வாக எடுக்கக் கற்றுத்தருவோம் என்றார் டாக்டரம்மா. மகனுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. கோடு அவனுக்கில்லை, ஒரே மூச்சில் படிக்கட்டும். அதுவரை கடைச் சாவி உன் இடுப்பைவிட்டு இறங்கக்கூடாது.

இங்கே வந்து இரு. உன் அறைக்கு இளநீல வர்ணம் அடித்து வைத்திருக்கிறேன், பெயின்ட் நாற்றம் உனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் லாபம். திட்டாதே, சிரி. எவ்வளவு களைப்போ அவ்வளவு நேரம் படு. ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

பிறந்த அன்று நீ முதலில் போய் வழி திறந்துவிட்டாய். இந்தமுறை நான் முன்னால் வந்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மெதுவாக வா.

அடுத்த வாரமும் எழுதுவேன். ஆனால் அதைத் தபாலில் போடமாட்டேன். நீ வந்து படுத்துக்கொள், கண்ணை மூடிக்கொள். நான் படித்துக்காட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி,
தடியன்