சுவரில் உரசியது

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி தவிர இங்கே வேறு குறை இல்லை. உன் தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறான், வேளைக்கு வேலைக்குப் போகிறான். போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் என்றாயே, அதனால்தான் கடிதம். வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பல் கிளினிக் விலாசத்துக்கே போடுகிறேன்.

மாப்பிள்ளையின் வாட்ச் திங்கட்கிழமை எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தது. கூரியர் பெட்டிக்குள் ஒரு சீட்டு: "அத்தை, நம்ம வேலையை முதல்ல முடிச்சுக் குடுங்க." பக்கத்து மேஜை சோடாபுட்டி அதைப் படித்துவிட்டு, "வாட்ச்சுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி, மாப்பிள்ளைக்கு ஆயுசு முழுக்கவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கவுன்ட்டரில் தினமும் இதே பேச்சுதான். கூடுதல் வாரண்டி போட்டிருக்கிறேனே, கீறலுக்கு ஏன் காசு கேட்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். வாரண்டி என்பது வாட்ச் தானாகக் கெட்டால்தான். கை பட்டுக் கெட்டால் கிடையாது. ஒரு வருடத்தை இரண்டாக நீட்டினாலும் அதே கதைதான். தானாகக் கெடுகிற வாட்ச் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே பல்லைக் காட்டிவிடும். அதனால் தெரிந்தவர்கள் கேட்டால் தண்டச் செலவு, வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்புவேன். கீறலுக்கும் உடைசலுக்கும் தனியாக டேமேஜ் கவர் இருக்கிறது. அதுவும் இரண்டே தடவைக்குத்தான். உன் கல்யாணத்துக்கு வாட்ச் வாங்கியபோது மாப்பிள்ளை முகம் கோணக்கூடாது என்று அதையும் சேர்த்தே போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தக் கவரில் ஒரு நிபந்தனை. கீறல் எப்படி விழுந்தது என்று கொடுத்தவர் எழுத வேண்டும். அது உண்மைதானா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை எழுதியிருப்பது, 'கார் நிறுத்தும் இடத்தில் சுவரில் உரசியது.'

பாப்பா, அது சஃபையர் கண்ணாடி. சாவி, கத்தி, மணல், சிமென்ட் சுவர் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. சுவரில் உரசினால் சுற்றியிருக்கும் உலோகம் தேயும். கண்ணாடியில் சுவரின் பொடிதான் ஒட்டும், துடைத்தால் போய்விடும். இந்த வாட்ச்சில் உலோகம் பளபளவென்று இருக்கிறது. கண்ணாடியில் மட்டும் மூன்று கோடுகள். ஒன்று நீளம், இரண்டு குட்டை, மூன்றும் ஒரே பக்கமாக வளைந்து போகின்றன. உப்புத்தாள் பட்டிருந்தால் மயிரிழை மாதிரி நூறு கோடு விழுந்திருக்கும். இது ஒரே ஒரு கூர்முனையின் வேலை. அந்தக் கண்ணாடியில் இப்படி இழுக்க வைரம் வேண்டும். நேற்று முழுவதும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் கழற்றிக் கொடுத்த தோட்டில் கடுகத்தனை வைரம் இருக்கிறது. அந்த வீட்டில் வைரம் என்று வேறு எதுவும் இல்லை.

போன வாரம் வீடியோவில் பேசியபோது இடது பக்கம் முடியை முன்னால் விட்டிருந்தாய். புது ஸ்டைலா என்று கேட்டேன். ஆமாம் என்றாய்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் டிராயரில் வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது. அம்மா இருக்கிறேன்.

உன் அன்பு
அம்மா


மார்ச் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்வீஸ் சென்டர் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். அவர் இடது கையைத் திருப்பி வீசினார், தோடு வாட்ச் கண்ணாடியில் இழுபட்டு வாரில் மாட்டிக் காதைக் கிழித்துவிட்டது, நாலு தையல் என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன் என்றும் எழுதியிருந்தாய். ரத்தம் வழிந்துகொண்டிருந்தபோது அவர் முதலில் வாட்ச்சைத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. கடைசியில், 'வந்துடட்டுமாம்மா' என்று கேட்டிருந்தாய்.

இப்போது வராதே.

தம்பி மாப்பிள்ளைக்குக் கீழேதான் வேலை பார்க்கிறான். மூன்று இடத்தில் துரத்தப்பட்டவனை இவர்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஜூனில் நிரந்தரம் ஆக வேண்டும், அவர் ஒரு வார்த்தை எழுதினால்தான் ஆகும். நீ இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவன் தெருவில் நிற்பான். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடு. பாலிஷ் போட்டால் போகிற கீறல் இல்லை அது, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். இன்னொரு தடவைதான் கவரில் மிச்சம் இருக்கிறது. மறுபடி கீறல் விழுந்தால் அதற்கும் சேர்த்து அவர் கோபப்படுவார். அவருக்கு இடது பக்கமாக நிற்காதே. வெறும் வயிற்றோடு இருக்கும்போது கேள்வி கேட்காதே. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கற்றுக்கொண்டேன். உன் அப்பாவுக்கு வாட்ச் கட்டுகிற பழக்கம் இல்லை, அதனால் என் காதில் தழும்பு இல்லை. அந்தத் தோடே அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் உன் அப்பா எனக்கு வாங்கி வந்ததுதான். உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டாய்.

ஃபாரத்தில், 'பரிசோதித்தேன், சுவரில் உரசியதே காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பொய். புதுக் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. வாட்ச் வெள்ளிக்கிழமை அவர் கைக்கு வந்துவிடும். கழற்றிய கண்ணாடியை, பழைய பாகங்களை நொறுக்கும் பெட்டியில் நானே போட்டேன்.

காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். அம்மா கல் நெஞ்சுக்காரி என்று நினைக்காதே. நினைத்தாலும் சரி.

அம்மா


நவம்பர் 21

பாப்பாவுக்கு,

நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று உன் வக்கீலம்மா சொல்ல மறுத்துவிட்டார். கடிதம் கொடுத்தால் சேர்ப்பேன், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார். ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆகஸ்டில் மறுபடி அடி வாங்கி, ஒரே ஒரு பையோடு நீ வெளியேறினாய். நேராகப் போலீசுக்குப் போனாயாம். என் வீடு வழியில்தான் இருக்கிறது. நீ வாசலைக்கூடத் தட்டவில்லை. அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை, கோபப்பட எனக்கு முகமும் இல்லை.

ஆனால் என்னைச் சாட்சியாகப் போடுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தபோது, "உங்க பொண்ணு உறுதியா இருக்காங்க. எங்கம்மா லென்ஸ்ல பார்த்துட்டாங்கன்னா மாத்திச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

கோர்ட்டில் நடந்ததை நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். ஆகஸ்டில் பட்ட அடிக்கு வெளியே தெரிகிற காயம் இல்லை. காதைத் தைத்த டாக்டரின் சீட்டில் பாத்ரூமில் விழுந்தது என்று இருக்கிறது. மிச்சம் இருந்தது என் ஃபாரம் ஒன்றுதான். அதையே மாப்பிள்ளையின் வக்கீல் தூக்கிக் காட்டி, "பெத்த தாயே பரிசோதிச்சு எழுதியிருக்காங்க, சுவருன்னு. இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் வக்கீலம்மா எழுந்து, வைரம் பட்ட கீறல் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன், பாப்பா. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். "ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாதுங்க" என்றேன். நீதிபதி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் நீ பையைத் திறந்தாய். என் இரண்டு கடித உறைகளையும் பார்த்தேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ அதை எடுத்து வக்கீலம்மாவிடம் நீட்டியிருந்தால் வழக்கு அங்கேயே திரும்பியிருக்கும். பொய்ச்சாட்சி சொன்னதற்காக என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியவில்லை. பிறகு உறைகளை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாய்.

ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தபோது நீ அழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நியாயஸ்தர்" என்றார். நீ பக்கத்தில்தான் படியிறங்கிக்கொண்டிருந்தாய். கேட்டிருக்கும்.

மற்ற சேதிகள். தம்பிக்கு ஜூனிலேயே நிரந்தரம் ஆகிவிட்டது. உன்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் இப்போது வரலாமா என்று கேட்பாயோ என்று பயந்து ஜூன், ஜூலை இரண்டு மாதமும் உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்தேன். அந்தக் கடிதங்களைப் பிரிக்கவும் இல்லை. தம்பி உன்னைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "அக்கா கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றான். தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

விவாகரத்துக்கு மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய அம்மா வேறு இடத்தில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறாராம். போன புதன்கிழமை மாப்பிள்ளையே கவுன்ட்டருக்கு வந்தார். கையில் புது வாட்ச், இன்னும் விலை கூடினது. "அத்தை, இதுக்கும் அந்த டேமேஜ் கவர் போடலாமா? பிரயோஜனம் இருக்குமா?" என்று கேட்டார். சோடாபுட்டி தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. நான், "போட்டுக்குங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் பிரயோஜனப்படும்" என்றேன். ஃபாரத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் யாரோ, எந்த ஊரோ. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது என்று வக்கீலம்மா வாய்தவறிச் சொன்னார். எனக்கு வயது ஐம்பத்தேழு. இந்த வேலையும் போய் ஜெயிலுக்கும் போனால் தம்பி தலைகுனிந்து போவான், அவனையும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். நீ ஒரு தடவை என்னைக் காப்பாற்றிவிட்டாய். அதைப் பாதியில் விட்டுவிடாதே. அந்த இரண்டு கடிதங்களையும் கிழித்துவிடு. படித்து முடித்ததும் இதையும் கிழித்துவிடு. தாயாக இதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் யார் கையும் உன் மேல் படாமல் நூறு வயது வாழ வேண்டும். வேறு என்ன வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. கிழித்த பிறகு ஒரு வரி எழுதிப் போடு. நலமா என்று கேட்க வேண்டாம், அம்மா என்று எழுதவும் வேண்டாம். 'ஆச்சு' என்று மட்டும் எழுது. உன் கையால் எழுதியது ஏதாவது ஒன்று எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்