கணக்கைப் போடாதே, போதுமா என்று பார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. நானும் அவளும் இங்கே நன்றாக இருக்கிறோம், மூட்டுவலி மட்டும் என்னோடு தூங்கி என்னோடு எழுந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய சட்டைகளுக்கு அடியில் உன் பேங்க் வேலைப் பரீட்சைப் புத்தகம், மேலே ஒரு துண்டுச் சீட்டு. இதை எடைக்குப் போட்டுவிடுங்கள், இனி எழுதப்போவதில்லை, கிடங்கு வேலையே போதும் என்று இருந்ததாகத் தங்கச்சி வாசித்தாள். இரண்டு தடவை தவறினால் என்ன, வயது தாண்டுவதற்குள் இன்னும் ஒரு தடவை இருக்கிறதே. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அன்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சலவைக்கூடத்தில் வெள்ளை விரிப்புகளோடு சிவப்புத் துண்டு ஒன்றைப் போட்டு, நாற்பது விரிப்பும் ரோஸ் நிறமாகிவிட்டது. என்னம்மா இது, ஆஸ்பத்திரிக்கா பொம்மைக் கடைக்கா என்று மேற்பார்வைக்காரி கேட்டாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகு வந்தது. எடைக்குப் போடச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தை உன் தங்கச்சி, இந்த ஊமைக்கோட்டான், போடவே இல்லை. (இதையும் எழுதச் சொல்கிறாள் அம்மா.) நாலு நாளாகச் சாப்பாட்டு இடைவேளையில், தான் வேலை பார்க்கும் தையல் கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்து அதிலுள்ள கணக்குகளைப் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறாள். எட்டாவதோடு நின்றவள்! எனக்கு நம்பிக்கையில்லை. மேல் வீட்டு பேங்க் குமாஸ்தாவிடம் கொண்டுபோனேன். அவர் பின்பக்க விடைகளோடு ஒத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். தனிவட்டியில் இருபது கேள்வி, உனக்கு ஏழு சரி, இவளுக்குப் பதினேழு. யார்கிட்டம்மா படிக்கிறே என்று அவர் கேட்க, இவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

ஒரு கேள்வியில், வட்டி வீதம் கண்டுபிடிக்கக் கீழே உள்ள இரண்டு தகவலில் எது போதும் என்று மட்டும் கேட்டிருக்கிறதாம். முதல் தகவல், போட்ட பணம் எட்டு வருஷத்தில் இரண்டு மடங்காகிறது. இரண்டாவது, போட்ட பணம் பத்தாயிரம். நீ இரண்டும் வேண்டும் என்று குறித்துவிட்டு ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கி வகுத்திருக்கிறாய். அவள் சொல்கிறாள், இரண்டு மடங்குன்னா வட்டியும் அசலும் ஒண்ணு, அசல் பத்தாயிரமா இருந்தா என்ன, வெறும் பத்தா இருந்தா என்ன, நூறை எட்டால வகுத்தா வீதம் வந்துடும், அதைக்கூட வகுக்க வேண்டாம், முதல் தகவலே போதும்னு குறிச்சுட்டு அடுத்ததுக்குப் போகணும். துணி போதுமான்னு பார்க்கச் சொன்னா, அண்ணன் ஒவ்வொரு தடவையும் சட்டையையே தைச்சு முடிச்சிருக்கும்மா, அதான் நேரம் பத்தல. உனக்குக் கணக்கு வராமல் இல்லை மகனே, கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

புத்தகத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன், பென்சில் எழுத்தெல்லாம் அவளுடையது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாளாம், மறந்துவிடாதே. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

அண்ணா, இது அம்மா சொன்னது இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாளாகும், அதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். அம்மாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. நேற்று நானே கணினிக் கடைக்குப் போய் உன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். உன் கடவுச்சொல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடையில் அத்தனை பேர் முன்னால் கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னேன். தேர்வு மையம் உன் ஊரிலேயேதான். திட்டுவதானால் பரீட்சை எழுதி முடித்து வெளியே வந்து திட்டு.